விருந்தினர் வைஃபையும் வீட்டு பிரிண்டரும்

பஹணி என்ற நில ஆவணத்தின் நகல் ஒன்று வேண்டுமென்றால், மைசூரைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு காலத்தில் கிராமக் கணக்கரின் வீட்டு வாசலில் நிற்க வேண்டியிருந்தது. 2000-ஆம் ஆண்டையொட்டி கர்நாடக அரசு ‘பூமி’ திட்டத்தில் சுமார் 67 லட்சம் விவசாயிகளின் 2 கோடி நில ஆவணங்களைக் கணினியில் ஏற்றியது. அதன்பின் தாலுகா அலுவலக ஜன்னலில் பணம் கட்டினால் அச்சிட்ட நகல் கைக்கு வந்தது. இப்போது அதே ஆவணத்தைப் போனிலேயே பார்த்துவிடலாம். ஆனால் பயிர்க்கடனுக்குப் போனாலும், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனாலும், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கேட்பது காகிதத்தைத்தான். அதனால் ராமாபுரம் மாதிரியான ஊரில் யார் வீட்டில் பிரிண்டர் இருக்கிறதோ, அந்த வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் போனும் கையுமாக வந்துபோவது சகஜம்.

ராமாபுரத்தில் என் அக்கா வீடு அப்படிப்பட்டது. மருமகன் வீட்டிலிருந்தபடியே வேலை பார்ப்பவன். அலுவலக லேப்டாப் அவனிடம் இருக்கிறது. வருகிறவர்களுக்கு வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டைக் கொடுக்கக் கூடாதென்று ரூட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் ஒன்றைத் திறந்து, தனி பாஸ்வேர்ட் போட்டுவைத்தான். நல்ல காரியம். ஆனால் அன்றிலிருந்து வருகிறவர்களின் போனுக்கு பிரிண்டர் தெரியவில்லை. “ஏன்டா, ரெண்டு வைஃபையும் ஒரே டப்பாவிலிருந்துதானே வருது? பிரிண்டரும் பக்கத்துலதானே இருக்கு? அப்புறம் என்ன கேடு?” என்று அக்கா கேட்டாள். மிகச் சரியான கேள்வி. இதற்குப் பதில் தெரியாமல்தான் பல வீடுகளில் கடைசியில் வீட்டு பாஸ்வேர்டையே எல்லோருக்கும் கொடுத்துவிடுகிறார்கள். அது ஒன்றைத்தான் செய்யக் கூடாது. வீட்டு நெட்வொர்க்கைத் திறந்துவிடாமலே வருகிறவர்கள் அச்சிட வழி இருக்கிறது. அந்த வழி புரிய, அக்காவின் கேள்விக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

டப்பா ஒன்றுதான், ஆன்டெனாவும் ஒன்றுதான். ஆனால் அந்த ஒரே ரேடியோ இரண்டு பெயர்களை மாறி மாறி அறிவித்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் தனி பாஸ்வேர்ட், தனி மறையாக்கச் சாவி. உள்ளே ரூட்டரின் மென்பொருள் அவற்றை இரண்டு தனி நெட்வொர்க்குகளாகவே நடத்துகிறது. இதைக் கண்ணால் பார்க்கவும் முடியும். பிரிண்டரின் மெனுவில் நெட்வொர்க் நிலையை அச்சிடும் வசதி இருக்கும். ஒரு பக்கம் வரும். அக்கா வீட்டில் அந்தக் காகிதத்தில் பிரிண்டரின் முகவரி 192.168.1.-இல் தொடங்கியது. கெஸ்ட் வைஃபையில் இருந்த போனின் முகவரியோ 192.168.2.-இல் தொடங்கியது. இரண்டிலும் ‘சப்நெட் மாஸ்க்’ என்ற இடத்தில் 255.255.255.0. அதாவது முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருந்தால்தான் ஒரே நெட்வொர்க். மூன்றாவது எண் வேறுபட்டதால் இவை வேறு வேறு. நடுவில் நிற்கும் ரூட்டர், கெஸ்ட் பக்கத்திலிருந்து இணையத்துக்குப் போவதை விடும். வீட்டுப் பக்கம் போவதை மறிக்கும். எல்லா ரூட்டர்களும் இப்படி எண்ணை மாற்றிக் கொடுப்பதில்லை. சில ஒரே வரிசை எண்ணைக் கொடுத்துவிட்டு உள்ளுக்குள் வடிகட்டும். அங்கே எண்ணைப் பார்த்து மட்டும் முடிவுக்கு வர முடியாது.

மறிப்புதான் காரணம் என்றால் மறிப்பில் ஒரு சிறு வழி விட்டால் போதுமே என்று தோன்றும். ரூட்டரின் ஃபயர்வாலில் பிரிண்டரின் முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுத்துப் பார்த்தவர்கள் உண்டு. அப்படிச் செய்தும் போனில் பிரிண்டரின் பெயர் வராது. ஏன் வராது என்பதுதான் இந்த விஷயத்தின் மையம்.

போனில் ‘பிரிண்ட்’ என்பதைத் தொடும்போது, பிரிண்டர் எங்கே இருக்கிறதென்று போனுக்குத் தெரியாது. முகவரி தெரியாததால் அது குறிப்பிட்ட யாரிடமும் கேட்பதில்லை. 224.0.0.251 என்ற பொது முகவரிக்கு, 5353 என்ற போர்ட்டில், அச்சிடும் சேவை தருவோர் இங்கே யார் என்று பொதுவாக ஒரு கேள்வியை வீசுகிறது. நெட்வொர்க்கில் உள்ள எல்லாச் சாதனங்களின் காதிலும் அது விழும். பிரிண்டர் மட்டும் பதில் சொல்லும். பதிலில் தன் பெயர், முகவரி, எந்தப் போர்ட்டில் பேசலாம், கலர் வருமா, தாளின் இருபுறமும் அச்சிடுமா, எந்தெந்த வடிவக் கோப்புகளை ஏற்கும் என எல்லாமே இருக்கும். போனில் பிரிண்டரின் பெயருக்குக் கீழே கலர், இருபக்கம் போன்ற விருப்பங்கள் தாமாக வந்து நிற்பது இந்தப் பதிலிலிருந்தும் அதைத் தொடர்ந்து போன் கேட்கும் விவரங்களிலிருந்தும்தான்.

யாரென்று தெரியாதவர்களை நோக்கிக் காற்றில் பேசுவது மைசூருக்குப் பழக்கமான கலை. மைசூரு பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் எம்.வி. கோபாலசுவாமி 1935-இல் தம் வீட்டிலிருந்தே 30 வாட் டிரான்ஸ்மிட்டரை வைத்து ‘ஆகாஷ்வாணி’ என்ற பெயரில் ஒலிபரப்பினார். அந்தப் பெயரைத்தான் பின்னாளில் அகில இந்திய வானொலியும் எடுத்துக்கொண்டது. வானொலி எட்டும் தூரமெல்லாம் போகலாம். ஆனால் நெட்வொர்க்கில் எழுப்பும் பொதுக் கேள்விக்கு வேண்டுமென்றே எல்லை வகுத்திருக்கிறார்கள். உலகத்தில் உள்ள ஒவ்வொரு போனும் கேட்கும் ‘பிரிண்டர் உண்டா’ என்ற கேள்வி உலகம் முழுக்கப் போனால் இணையமே தாங்காது. ஆகவே 224.0.0-இல் தொடங்கும் முகவரிகளுக்கு வரும் எதையும் ரூட்டர்கள் ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தக் கூடாது என்பது விதி. ஃபயர்வாலைத் திறந்தாலும் மூடினாலும் இந்த விதி மாறாது. கேள்வியே கெஸ்ட் பக்கத்தைத் தாண்டுவதில்லை. பிறகு பதில் எங்கிருந்து வரும்?

பொதுக் கேள்வி எழுப்பிக் கண்டுபிடிக்கும் இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் முக்கியமாக இருந்தவர் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டூவர்ட் செஷயர். ஒரு அலுவலக அறையில் நான்கு கணினிகளையும் ஒரு பிரிண்டரையும் இணைத்தால், நிபுணர் யாரும் வந்து எண்களைத் தட்டாமலே அவை ஒன்றையொன்று கண்டுகொள்ள வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் முனைப்பு. 2002-இல் ஆப்பிளின் கணினிகளில் அது வந்தது. 2013 பிப்ரவரியில் இணையத் தரநிலையாக வெளியானது. இடையில் 2010 நவம்பரில் ஐபோனுக்கு ஏர்பிரிண்ட் வந்தது. 2013-இல் கேனன், எச்பி, சாம்சங், ஜெராக்ஸ் ஆகிய நான்கு நிறுவனங்களும் சேர்ந்து மோப்ரியா கூட்டமைப்பைத் தொடங்க, ஆண்ட்ராய்டிலும் அதே வசதி பரவியது. டிரைவர் சி.டி.யைத் தேடி அலைந்த காலம் அதோடு முடிந்தது. கண்டுபிடித்தலுக்குப் பிறகு நடக்கும் உரையாடல் ஐபிபி என்ற விதிமுறையில், வழக்கமாக 631-ஆம் போர்ட்டில் நடக்கிறது. அது இணையப் பக்கங்கள் வந்துபோகும் அதே எச்டிடிபி வண்டியில்தான் பயணிக்கிறது. இவ்வளவு எளிமையும் ‘ஒரே வீட்டில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் நம்புவார்கள்’ என்ற எண்ணத்தின் மேல் கட்டியது. கெஸ்ட் நெட்வொர்க்கோ அந்த நம்பிக்கையை மறுப்பதற்கென்றே வந்தது. இரண்டும் முட்டிக்கொள்வதில் வியப்பில்லை.

சரி, பிரிண்டரையே கெஸ்ட் வைஃபைக்கு மாற்றிவிட்டால்? அங்கேதான் இரண்டாவது சுவர் வருகிறது. கெஸ்ட் பக்கத்தில் இருப்பவர்கள் வீட்டுப் பக்கம் போக முடியாததோடு, பல ரூட்டர்களில் தங்களுக்குள்ளும் பேசிக்கொள்ள முடியாது. மேசையில் அருகருகே கிடக்கும் இரண்டு போன்கள் வைஃபையில் நேராகப் பேசிக்கொள்வதாக நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் ஒரு போன் சொல்வது முதலில் ரூட்டருக்குப் போய், அங்கிருந்துதான் அடுத்த போனுக்குத் திரும்பி வருகிறது. எல்லாப் பேச்சும் தன் வழியாகவே போவதால், விருந்தினர் அனுப்பியது இன்னொரு விருந்தினருக்கு என்று கண்டதும் ரூட்டர் அதை அங்கேயே போட்டுவிடலாம். செட்டிங்ஸில் இதற்கு ஏபி ஐசொலேஷன், கிளையன்ட் ஐசொலேஷன் என்று பெயர்கள். சில ரூட்டர்களில் ‘விருந்தினர்கள் ஒருவரையொருவர் பார்க்கலாம்’ என்று நேர்மாறாகவும் எழுதியிருக்கும். பிரிண்டரை மாற்றியும் தெரியவில்லையே என்று தவிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

இந்தச் சுவரும் முழுமையானதில்லை என்பதை 2010-இல் காட்டியவர் ஓர் இந்தியர். புனேயில் ஆய்வுக்கூடம் வைத்திருந்த ஏர்டைட் நெட்வொர்க்ஸ் நிறுவனத்தின் முகமது சொஹைல் அகமது, வைஃபையின் டபிள்யூபிஏ2 பாதுகாப்பில் இருந்த ஓட்டை ஒன்றை வெளியிட்டார். வைஃபையில் ஒவ்வொரு சாதனத்துக்கும் தனிச் சாவி உண்டு. அதோடு, பொதுவாக எல்லோருக்கும் சொல்லும் செய்திகளுக்காக அந்த நெட்வொர்க்கில் இருப்பவர்கள் அனைவரிடமும் ஒரு பொதுச் சாவி இருக்கும். பொதுச் சாவியைக் கொண்டு ரூட்டர் பேசுவதுபோலவே உள்ளே இருப்பவர் ஒருவர் நடித்துவிடலாம். மறைமுகமாக மற்ற சாதனங்களை ஏமாற்றலாம் என்றார் அவர். பொதுச் சாவியால் போலியைக் கண்டுபிடிக்க முடியாது என்ற குறிப்பு வைஃபை தரநிலை நூலின் 196-ஆம் பக்கத்தில் இருந்ததால் அதற்கு ‘ஹோல் 196’ என்றே பெயர் வந்தது. வெளியாரை வீட்டு நெட்வொர்க்கிலேயே சேர்த்துக்கொண்டு ஐசொலேஷனை மட்டும் நம்புவதைவிட, வேறு பெயரும் வேறு சாவிகளும் கொண்ட கெஸ்ட் நெட்வொர்க்கில் அவர்களை வைப்பது ஏன் மேல் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. பாஸ்வேர்டைக் கொடுத்தால் பொதுச் சாவியையும் சேர்த்தே கொடுக்கிறோம்.

இதுவரை விருந்தினரிடமிருந்து வீட்டைக் காப்பது பற்றியே பேசினோம். பிரிண்டரிடமிருந்து வீட்டைக் காப்பது பற்றி எவரும் யோசிப்பதில்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை. பிரிண்டர் என்பது மூடி போட்ட ஒரு கணினி. அதற்குள் செயலி, நினைவகம், தனக்கென்று ஓர் இணையப் பக்கம் எல்லாம் உண்டு. போனுக்கு மாதா மாதம் அப்டேட் போடுகிற வீட்டில்கூட பிரிண்டருக்கு அப்டேட் போட்டதாக நான் பார்த்ததில்லை. 2017-இல் ஜெர்மனியின் போஹும் நகரிலுள்ள ரூர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 20 நெட்வொர்க் பிரிண்டர்களை எடுத்துச் சோதித்தபோது ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு தாக்குதலுக்கு இடமிருந்தது. சிலவற்றில் மற்றவர் அச்சிட்ட ஆவணத்தையே எடுக்க முடிந்தது. 2018 இறுதியில், இணையத்துக்குத் திறந்து கிடந்த சுமார் 50,000 பிரிண்டர்களில் முகம் தெரியாத ஒருவர் ஒரு யூடியூப் சேனலுக்கு ஆள் சேர்க்கும் துண்டறிக்கையை அச்சிட வைத்தார். 9100-ஆம் போர்ட்டில் யார் எதை அனுப்பினாலும் கேள்வி கேட்காமல் அச்சிடும் பழைய வழக்கமே அதற்குப் போதுமானதாக இருந்தது. 2025 ஜூனில் ரேபிட்7 என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது இன்னும் நெருக்கமான செய்தி: பிரதர் நிறுவனத்தின் 689 மாடல்களில், தொழிற்சாலையில் வைத்த நிர்வாகி பாஸ்வேர்டை அந்த பிரிண்டரின் சீரியல் எண்ணிலிருந்தே கணக்கிட்டுவிடலாம். ஏற்கெனவே விற்ற பிரிண்டர்களில் மென்பொருள் அப்டேட்டால் அதை முழுதாகச் சரிசெய்ய முடியாது. உரிமையாளர் பாஸ்வேர்டை மாற்றினால்தான் உண்டு.

ஆகவே என் முடிவு, பெரும்பாலான வீடுகளுக்கு, பிரிண்டரின் இடம் கெஸ்ட் நெட்வொர்க்தான். வந்தவர்களைத் திண்ணையில் உட்காரவைத்து அங்கேயே கவனிக்கும் வீட்டில், அவர்களுக்கு வேண்டியதும் திண்ணையில் இருந்தால் யாரும் உள்கட்டுக்குப் போக வேண்டியதில்லை. அக்கா வீட்டில் அப்படித்தான் செய்தோம். பிரிண்டரின் மெனுவில் பழைய வைஃபையை மறக்கச் செய்து கெஸ்ட் வைஃபையில் சேர்த்தோம். ரூட்டரில் விருந்தினர்கள் ஒருவரையொருவர் பார்க்கலாம் என்பதை மட்டும் அனுமதித்து, வீட்டுப் பக்கச் சுவரை அப்படியே விட்டோம். வீட்டுக் கணினிக்கு யுஎஸ்பி கேபிள் போட்டாயிற்று. அக்கா தன் போனிலிருந்து அச்சிட வேண்டுமென்றால் ஒரு நிமிடம் கெஸ்ட் வைஃபைக்கு மாறிக்கொள்கிறாள். மருமகனின் அலுவலக லேப்டாப் இந்தப் பக்கமே வருவதில்லை.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. ஒரே நேரத்தில் வந்திருக்கும் விருந்தினர்களின் போன்கள் ஒன்றையொன்று பார்க்க முடியும். தெரிந்த நாலு பேர் வந்துபோகும் வீட்டில் இதை ஏற்றுக்கொள்ளலாம். முன்பின் தெரியாதவர்கள் நாள் முழுக்க வந்துபோகும் இடமென்றால் நான் இதைச் சொல்ல மாட்டேன். அங்கே வைஃபை டைரக்ட் மேல். பிரிண்டரே ‘டைரக்ட்’ என்று தொடங்கும் ஒரு சின்ன வைஃபையைத் தானாக எழுப்பும்; வந்தவர் அதில் சேர்ந்து அச்சிட்டுவிட்டு விலகிவிடலாம்; ரூட்டருக்கு இதில் வேலையே இல்லை. ஒரு சமயத்தில் சில போன்களுக்குத்தான் இடம் கொடுக்கும்; அதன் பாஸ்வேர்டை அவ்வப்போது மாற்ற வேண்டும். அதோடு, அந்த பிரிண்டர் வீட்டு வைஃபையிலும் ஒரு கால் வைத்திருக்கக் கூடாது.

ரூட்டரில் கை வைக்கத் தெரிந்தவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. பிரிண்டருக்கு நிலையான முகவரி ஒதுக்கி, கெஸ்ட் பக்கத்திலிருந்து அந்த ஒரு முகவரியின் 631-ஆம் போர்ட்டுக்கு மட்டும் வழி விடலாம். ஆண்ட்ராய்டு போனில் பிரிண்டிங் செட்டிங்ஸுக்குப் போய் ஐபி முகவரியைக் கையால் தட்டிச் சேர்க்க முடியும்; அப்போது பொதுக் கேள்வி தேவைப்படாது. ஐபோனில் அப்படித் தட்ட இடமில்லை. அதற்கு ஓப்பன்டபிள்யூஆர்டி மாதிரியான மென்பொருள் ஓடும் ரூட்டரில் ‘அவாஹி’ நிரலை வைத்து, ஒரு பக்கத்தில் எழும் கேள்வியை மறுபக்கம் எதிரொலிக்கச் செய்ய வேண்டும். அழகான தீர்வு. இணைய இணைப்போடு கம்பெனிக்காரர் கொடுத்துவிட்டுப் போகும் ரூட்டர்களில் இது பெரும்பாலும் கைகூடாது.

கிளவுட் வழியாக அச்சிடுவதும் ஒரு காலத்தில் இந்தச் சிக்கலைத் தாண்டியது. கூகுள் கிளவுட் பிரிண்ட் 2020 டிசம்பர் 31-உடன் நின்றுபோனது. பிரிண்டருக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுக்கும் வசதியைச் சில தயாரிப்பாளர்கள் இன்றும் வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் நில ஆவணம் இரண்டடி தூரத்திலிருக்கும் பிரிண்டருக்கு வெளிநாட்டு சர்வர் வழியாகப் போய்வருவதில் எனக்கு உடன்பாடில்லை.

எல்லாம் சரியாக அமைத்த பிறகும் பிரிண்டர் சில நேரம் தெரியும், சில நேரம் மறையும். இதற்கும் அந்தப் பொதுக் கேள்வியே காரணம். வைஃபையில் ஒருவருக்கென்று அனுப்பும் செய்திக்குப் ‘பெற்றேன்’ என்ற ஒப்புகை உடனே வரும். வராவிட்டால் மறுபடி அனுப்பப்படும். எல்லோருக்கும் பொதுவாக அனுப்புவதற்கு ஒப்புகை கிடையாது. காற்றில் தொலைந்தால் தொலைந்ததுதான். பிரிண்டர்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் வேலை செய்பவை. அங்கே நெரிசலும் அதிகம். பிரிண்டர் ஆழ்ந்த உறக்கத்தில் இருந்தால் கேள்வி அதன் காதில் விழாமலே போகலாம். அதன் பொத்தானை ஒருமுறை தொட்டு எழுப்பிவிட்டுப் போனில் மறுபடி தேடினால் பெரும்பாலும் வந்துவிடும். போன் 5 கிகாஹெர்ட்ஸிலும் பிரிண்டர் 2.4-லும் இருப்பதே குற்றமென்று சிலர் சொல்வார்கள். இரண்டும் ஒரே நெட்வொர்க்கின் இரு அலைவரிசைகளாக இருந்தால் அதனால் தடையில்லை. ரூட்டர் இரண்டையும் இணைத்தே வைத்திருக்கும்.

பிரிண்டர் தெரிந்து, காகிதமும் வந்த பின் இரண்டு வேலைகள் மிச்சம். பிரிண்டரின் முகவரியை, அது இருக்கும் அதே வைஃபையில் சேர்ந்த கணினியின் பிரவுசரில் தட்டினால் அதன் நிர்வாகப் பக்கம் திறக்கும். தொழிற்சாலை பாஸ்வேர்டை அங்கே மாற்ற வேண்டும். டெல்நெட், எஃப்டிபி, 9100 போர்ட் ஆகியவை திறந்திருந்து, நமக்குத் தேவைப்படாவிட்டால் மூட வேண்டும். ஃபர்ம்வேர் அப்டேட் இருந்தால் போட வேண்டும். ரூட்டரில் யுபிஎன்பி என்ற தானியங்கித் திறப்பையும் நிறுத்துவது நல்லது. வெளி உலகத்திலிருந்து பிரிண்டருக்கு வாசல் திறந்துவிடக்கூடிய வழிகளில் அது ஒன்று.

இரண்டாவது வேலை ஆவணங்களைப் பற்றியது. 2022 மே 27-இல் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைப் பயன்படுத்துங்கள், பொதுக் கணினியில் இறக்கினால் எல்லாப் பிரதிகளையும் நிரந்தரமாக அழியுங்கள் என்றது. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றார்கள். திரும்பப் பெற்றாலும் அதில் சொன்ன பழக்கங்கள் சரியானவை. வந்தவர் தன் போனிலிருந்து நேராக பிரிண்டருக்கு அனுப்பும்போது அவருடைய ஆவணம் அக்காவின் கணினியிலோ வாட்ஸ்அப்பிலோ தங்குவதில்லை. கெஸ்ட் வைஃபையில் அச்சிட வழி செய்ததன் பெரிய பயன் அது. முன்பு வாட்ஸ்அப்பில் வந்து குவிந்த ஊராரின் ஆதார்களையும் பாஸ்புக் பக்கங்களையும் அக்காவும் மருமகனும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தார்கள். போனின் கேலரியிலும், டவுன்லோட் ஃபோல்டரிலும், கூகுள் ஃபோட்டோஸின் குப்பைத் தொட்டியிலும் தனித்தனியாகப் பார்த்து அழிக்க வேண்டியிருந்தது.